தலையில்லாப் பேரவையும் ஒரு முதலைக்குட்டியும்

படக்காரருக்குக் கொடுத்த கெடு இருபத்தொரு நாள். அவருடைய கணினி கேட்டதோ நூற்றிருபது நாள். இந்த இரண்டுக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்டுதான் அந்த மனிதர் பேரவையின் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தார்.

படக்காரர் என்றால் போட்டோ எடுப்பவர் இல்லை, சினிமாக்காரரும் இல்லை. கணினியில் பொம்மைப் படம் செய்கிறவர். வேலை பார்த்த கம்பெனி இழுத்து மூடப்பட்டுப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. அவருடைய தங்கை, குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். அங்கே புதிதாக ஒரு ஆபரேஷன் வார்டு திறக்கப் போகிறார்கள். உள்ளே போகுமுன் பயந்து அழுகிற பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்ட ஒரு படம் இருந்தால் தேவலை என்று பெரிய டாக்டர் சொன்னதுதான் தாமதம், "எங்கண்ணன் செஞ்சு குடுப்பாரு சார்" என்று தங்கை வாக்குக் கொடுத்துவிட்டாள்.

படத்தின் கதை இதுதான். ஒரு முதலைக்குட்டி சைக்கிள் மணியை விழுங்கிவிடுகிறது. நடந்தால் மணி அடிக்கிறது, இருமினால் மணி அடிக்கிறது, ஒளிந்து விளையாட முடியவில்லை. கொக்கு டாக்டர் அதைத் தூங்கவைத்து மணியை எடுக்கிறார். குட்டி கண் விழிக்கிறது. மொத்தம் ஆறு நிமிஷம்.

வரைவது, அசைப்பது எல்லாவற்றையும் படக்காரர் முடித்துவிட்டார். மிச்சமிருந்தது ரெண்டர். ஆறு நிமிஷப் படம் என்பது எட்டாயிரத்து அறுநூற்று நாற்பது தனித்தனிப் படங்கள். ஒவ்வொன்றிலும் வெளிச்சம் எங்கே விழுகிறது, நிழல் எந்தப் பக்கம் சாய்கிறது, முதலையின் முதுகில் ஈரம் எப்படி மினுங்குகிறது என்று கணினி கணக்குப் போட்டுத் தீட்ட வேண்டும். அவருடைய கிழட்டுக் கணினிக்கு ஒரு படத்துக்கு இருபது நிமிஷம் பிடித்தது. மணி மின்னுகிற இடம் வந்தால் அது ஏதோ மலையேறுகிறவரைப் போல மூச்சு வாங்கியது.

அப்போதுதான் பேரவையின் விளம்பரம் அவர் கண்ணில் பட்டது. "எங்களுக்குத் தலைவர் இல்லை. அலுவலகம் இல்லை. இடைத்தரகர் இல்லை. உலகமெங்கும் சும்மா கிடக்கும் கணினிகள் உங்கள் வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளும். உங்களுக்கும் உலகத்துக்கும் நடுவே எவரும் இல்லை." இந்த நாலு வரிக்குக் கீழே நாற்பத்துமூன்று பக்க விதிமுறைகள் இருந்தன. படக்காரர் நாலு வரியைப் படித்துவிட்டு, நாற்பத்துமூன்று பக்கத்துக்கும் சம்மதம் என்று அழுத்தினார்.

உறுப்பினராகச் சேர நேர்காணல் உண்டு. குறித்த நேரத்தில் திரையில் மூன்று சின்னப் படங்கள் தோன்றின: ஓர் ஆந்தை, ஒரு சிங்கம், ஒரு முட்டை. முகம் காட்டுவது அதிகாரத்தின் தொடக்கம் என்பதால் பேரவையில் யாரும் முகம் காட்டுவதில்லை.

"வணக்கம். நீங்கதான் தலைவருங்களா?" என்றார் படக்காரர், ஆந்தையைப் பார்த்து.

"இங்க தலைவர்னு யாரும் கிடையாது," என்றது ஆந்தை. "நான் தலைவர் அல்லாதவர். சிங்கம், செயலாளர் அல்லாதவர். முட்டை, பொருளாளர் அல்லாதவர்."

"நானும் தலைவர் இல்லைங்களே."

"நீங்க வெறுமனே தலைவர் இல்லாதவர். நான் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் அல்லாதவர். ரெண்டும் வேற வேற."

படக்காரர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

பேரவையில் பணம் செல்லாது. அதற்கென்று தனி கிரிப்டோ நாணயம் உண்டு. அதற்குப் பொறி என்று பெயர். வேலை கொடுக்கிறவர் பொறி கொடுக்க வேண்டும். கணினியை வாடகைக்கு விடுகிறவர் பொறி பெறுவார். உறுப்பினர் ஆக மூன்று பொறி கட்டணம் என்றது முட்டை. சரி, வாங்கிக் கட்டிவிடுகிறேன் என்றார் படக்காரர். உறுப்பினர் அல்லாதவர்கள் பொறி வாங்க முடியாது என்றது சிங்கம். அப்படியானால் உறுப்பினர் ஆவது எப்படி என்றார். மூன்று பொறி கட்டி, என்றது முட்டை. இந்த இடத்தைச் சுற்றி முக்கால் மணி நேரம் வலம்வந்த பிறகு, புதியவர்களுக்கென்று 'நம்பிக்கைப் பொறி' மூன்று கைமாற்றாகத் தரும் வழி ஒன்று முப்பத்தெட்டாம் பக்கத்தில் இருப்பதை ஆந்தையே பெருந்தன்மையோடு எடுத்துக் கொடுத்தது.

பிறகு ரகசியச் சொற்கள் வந்தன. தொடர்பில்லாத இருபத்துநாலு சொற்கள். அவற்றைத் தாளில் எழுதி, எவருக்கும் காட்டாமல், எங்கே வைத்தோம் என்று எழுதியும் வைக்காமல் பாதுகாக்க வேண்டும். தொலைந்தால் அவருடைய பொறிகள் பிரபஞ்சம் உள்ளளவும் யாருக்கும் கிடைக்காது. படக்காரர் கேஸ் பில்லின் பின்பக்கத்தில் எழுதி, மசாலா டப்பாக்களுக்குப் பின்னால் செருகிவைத்தார். அன்று முதல் சமையலறைக்குள் யார் போனாலும் விடக் கூடாது என்று கண்கொத்திப் பாம்பாகக் காவல் இருந்தார். போகக்கூடியவர் அவர் ஒருவர்தான் என்பது வேறு விஷயம்.

தங்கை போன் பண்ணினாள்.

"அண்ணா, படம் எந்த அளவுல இருக்கு?"

"பொறி வாங்கிட்டேம்மா. இனி வேலை ஓட ஆரம்பிச்சுடும்."

"பொறியா? எலி மாட்டுமே, அதா?"

"சேச்சே. இது தீப்பொறி."

"அப்போ கை சுடும். பாத்துண்ணா, பெரிய டாக்டர்கிட்ட என் மூஞ்சியை அடகு வெச்சிருக்கேன்."

கை சுடவில்லை, வேலைதான் முதலில் ஆறிப்போயிற்று. படக்காரரின் முதலையை ரெண்டர் செய்யலாமா கூடாதா என்று உலக உறுப்பினர்களின் வாக்கெடுப்புக்கு விட்டார்கள். வாக்கெடுப்புக்கு முன் விவாதம். முதலை உலோகத்தை விழுங்குவது நாணயங்களைக் கேலி செய்வது ஆகாதா என்று ஓர் உறுப்பினர் ஐயம் எழுப்பினார். அந்த முதலையில் பங்கு வாங்க முடியுமா என்று இன்னொருவர் கேட்டார். மூன்றாமவர் தனக்கு முதலை பிடிக்காது என்று மட்டும் சொல்லி, அதற்குரிய கருத்துக் கட்டணத்தையும் கட்டிவிட்டு அமர்ந்தார். மூன்று நாள் போயிற்று.

முடிவில் முதலைக்கு ஆதரவாக ஐம்பத்தெட்டு சதவீதம் வாக்கு விழுந்தது.

"ரொம்ப நன்றிங்க. எத்தனை பேர் ஓட்டுப் போட்டாங்க?" என்று கேட்டார் படக்காரர்.

ஆந்தை தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு சிற்றுரை ஆற்றியது. "ஆளுக்கு ஒரு ஓட்டுன்னு வெச்சா, ஆள் யாருன்னு பாக்கணும். ஆளைப் பாத்தா பாகுபாடு வரும். அதனால நாங்க ஆளைப் பாக்கறதே இல்லை. பொறிக்கு ஒரு ஓட்டு. இதைவிடச் சுத்தமான ஜனநாயகம் எங்கயாவது உண்டா சொல்லுங்க? நூத்துக்கு அம்பத்தெட்டு பொறி ஒரே இடத்துல இருக்குன்னா, அந்த இடத்து மேல உலகத்துக்கு அவ்வளவு நம்பிக்கைன்னு அர்த்தம்."

"அது எந்த இடங்க?"

"நான்தான்," என்றது ஆந்தை அடக்கத்தோடு.

தலை இருக்க வால் ஆடக் கூடாது என்பார்கள். தலையே இல்லை என்று எழுதி வைத்துவிட்ட இடத்தில் எத்தனை வால் வேண்டுமானாலும் ஆடலாம் என்பதை அடுத்த வாரத்தில் படக்காரர் தெரிந்துகொண்டார். ஒவ்வொரு படத்தையும் உலகின் மூன்று மூலைகளில் மூன்று பேர் தனித்தனியாக ரெண்டர் செய்வார்கள். மூன்றையும் ஐந்து சரிபார்ப்போர் ஒப்பிடுவார்கள். சரிபார்ப்போரைச் சரிபார்க்க இருவர். எல்லாருக்கும் படக்காரரின் பொறியிலிருந்து பங்கு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்றவர்கள் அந்தக் காலத்தில் ஒரே ஒரு சுமைகாரனைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

கெடுவின் ஏழாம் நாள், நானூற்றுப் பன்னிரண்டாம் படம் நிறுத்திவைக்கப்பட்டது. மூன்று பேர் செய்ததும் அச்சு அசலாக ஒன்றுபோல இருந்ததால் கூட்டுச் சதியோ என்று சந்தேகம். அது தீருமுன் நானூற்றுப் பதிமூன்றும் நின்றது. சிங்கம் விசாரணைக்கு அழைத்தது.

"நானூத்திப் பன்னிரண்டுல முதலைக்குக் கண்ணு திறந்திருக்கு. நானூத்திப் பதிமூணுல மூடியிருக்கு. இதுல எது உண்மை?"

"ரெண்டும் உண்மைதாங்க. கண்ணைச் சிமிட்டுது."

"சிமிட்டறதுக்கு விண்ணப்பம் குடுத்தீங்களா?"

"படம்னா அசையுங்களே..."

"அசையற மாதிரி இருந்தா எதை நாங்க உறுதி பண்றது?" என்றது சிங்கம், உண்மையான வருத்தத்தோடு. "ஒரே படத்தையே எட்டாயிரம் தடவை குடுத்திருந்தீங்கன்னா ஒரு மணி நேரத்துல சான்றிதழ் குடுத்திருப்போம்."

இதற்கிடையில் பொறியின் விலை வேறு ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. ஒருநாள் காலையில் குளிக்கப் போகும்போது அவரிடம் இருந்த பொறிகள் நானூறு படத்துக்குக் காணும். தலை துவட்டிக்கொண்டு வந்து பார்த்தால் இருநூற்றுப் பத்துக்குத்தான் காணும். என்ன ஆயிற்று என்று முட்டையிடம் முறையிட்டார். பொறி விலை ஏறியதும் கட்டணமும் ஏறியது. பிறகு பொறி விலை மட்டும் இறங்கிவிட்டது, கட்டணத்துக்கு இறங்கும் பழக்கம் இல்லை என்று முட்டை விளக்கியது.

பத்தாம் நாள் வரை முடிந்தவை நானூற்று எழுபது படங்கள். முதலைக்குட்டி மணியை வாயில் போட்டிருந்தது. இன்னும் விழுங்கவில்லை.

மறுநாள் மதியம் மணி பளபளக்கும் காட்சியை அனுப்பினார். ஐந்து நிமிஷத்தில் கட்டடம் முழுவதும் கரண்ட் போயிற்று. கைபேசியில் ஒரு செய்தி வந்தது: "உங்கள் வேலையை ஏற்றிருந்த தொலைதூர உறுப்பினர் ஒருவர் திடீரென்று அணைந்துபோனார். பேரவையின் அனுதாபங்கள்." கரண்ட் வந்தது. மறுபடி அனுப்பினார். மறுபடி கரண்ட் போயிற்று. மறுபடி அனுதாபம் வந்தது. மூன்றாம் முறையும் அப்படியே நடந்தபோது, படக்காரர் கொஞ்ச நேரம் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு செருப்பைக்கூட மாட்டாமல் இரண்டாம் மாடியிலிருந்து படியிறங்கி ஓடினார்.

மாடிப்படிக்குக் கீழே பியூஸ் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு மூன்றாம் மாடித் தையல்காரம்மா நின்றிருந்தார். கழுத்தில் அளவு நாடா, வாயில் இரண்டு குண்டூசி. இரண்டு வருஷமாக ஒரே கட்டடம். படியில் எதிர்ப்பட்டால் ஒதுங்கி வழி விடுவதோடு சரி, பேசிக்கொண்டது கிடையாது.

"என் வீட்டாலதான் தம்பி," என்றார் அவர் ஊசியை எடுத்துவிட்டு. "மன்னிச்சுக்குங்க. என் தம்பி வெளிநாடு போறப்போ ஒரு பெரிய கம்ப்யூட்டரை விட்டுட்டுப் போயிட்டான். உள்ள படம் போடற கார்டு மட்டும் நாலு. பின்னால வர்ற அனல்ல துவைச்ச துணியெல்லாம் அரை மணியில காஞ்சிடும், அதுக்காகவே வெச்சிருக்கேன்."

"துணி காயவைக்க மட்டுமாக்கா?"

"இல்ல, பேரவைன்னு ஒண்ணு இருக்கு. ஏதோ படம் அனுப்புவாங்க, மெஷின் அதுக்குக் கலர் அடிச்சுத் திருப்பி அனுப்பும். இப்போ ஒரு வாரமா ஒரே முதலை."

படக்காரர் ஒரு படி கீழே இறங்கி வந்தார். "வாயில மணியோட நிக்குதா?"

"ஆமா! உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அது என் முதலைக்கா."

தையல்காரம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஒரு வாரமாக மனசில் வைத்திருந்ததைக் கொட்டினார். "அப்போ அந்த அம்மா முதலைக்குக் கவுன் போட்டது நீங்கதானா? கைக்குழியைப் பாத்தீங்களா? கையைத் தூக்கினா தோள்பட்டை பிடிக்கும் தம்பி. பாக்கறப்பல்லாம் எனக்கு வயித்தெரிச்சல்."

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதையைப் படக்காரர் சின்ன வயதில் கேட்டிருக்கிறார். ஆனால் வெண்ணெய் பத்தொன்பது படிக்கட்டு மேலே இருந்துகொண்டு, கடல் கடந்துபோய், பத்து பேர் முத்திரை வாங்கிக்கொண்டு கீழே வந்ததை அவர் கேட்டதில்லை.

இருவரும் பியூஸ் பெட்டிக்கு எதிரிலேயே படியில் உட்கார்ந்து பேசினார்கள். தையல்காரம்மாவின் கணினி ஒரு படத்தை நாற்பது விநாடியில் முடித்துவிடும் என்று தெரிந்தது. படக்காரர் விரலை மடக்கி மடக்கிப் பார்த்தார். முழுப்படமும் நாலே நாளில் முடியும்.

"நாலு நாள் வேலையையா இத்தனை நாளா இழுத்தானுங்க?" என்றார் தையல்காரம்மா. "நான் இந்த ரெண்டு வருஷத்துல தொள்ளாயிரம் பொறி சேத்திருக்கேன் தம்பி. ஒரு ஊசி வாங்க முடியல. பணமா மாத்தி எடுக்கணும்னா 'பற்றின்மை வகுப்பு' முடிச்சிருக்கணுமாம். வகுப்புக்குக் கட்டணம் ஆயிரம் பொறி."

"அக்கா, நான் ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே?"

"கரண்ட் பில்லு உங்களுது," என்றார் தையல்காரம்மா, அவர் கேட்குமுன்பே. "அப்புறம் அந்தக் கைக்குழியைச் சரி பண்ணணும். தப்பாத் தைச்ச துணிக்கு நான் கலர் அடிக்க மாட்டேன்."

அன்று சாயங்காலமே படக்காரர் கடைக்குப் போய்ப் பதினைந்து மீட்டர் ஒயர் வாங்கி வந்தார். மூன்றாம் மாடிச் சமையலறை ஜன்னலிலிருந்து இரண்டாம் மாடி ஜன்னலுக்கு அது இறங்கியது. கீழ்த்தளத்து எலெக்ட்ரீஷியன் வந்து, தையல்காரம்மா வீட்டுக் கணினிக்குத் தனியாக ஒரு கனத்த லைன் இழுத்துக் கொடுத்தார். எட்டாயிரம் படத்துக்கு வாக்கெடுப்போ விவாதமோ சரிபார்ப்போ இல்லை. தையல்காரம்மா அவ்வப்போது ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, "தம்பி, கொக்குக்கு ஒரு கால் நீளமா இருக்கு" என்பார். படக்காரர் திருத்துவார். அதுதான் சரிபார்ப்பு. கைக்குழிக்கு மட்டும் ஒரு நாள் பிடித்தது. முதலைக்கு உண்மையிலேயே தைப்பதுபோல் தையல்காரம்மா காகிதத்தில் வெட்டிக் காட்டினார்.

பதினெட்டாம் நாள் காலையில் படம் முழுசாக முடிந்தது. தையல் மேசைமேல் துணிகளை ஒதுக்கிவிட்டு அங்கேயே போட்டுப் பார்த்தார்கள். ரவிக்கை அளவு கொடுக்க வந்திருந்த ஒரு அம்மாவும் கூட நின்று பார்த்தார். கொக்கு டாக்டர் மணியை எடுத்து மேசைமேல் வைக்கிறார். திரையில் சத்தமே இல்லை. முதலைக்குட்டி கண்ணைத் திறக்கிறது, ஒரு அடி நடக்கிறது, இன்னொரு அடி நடக்கிறது. மணி அடிக்கவில்லை. அது திரும்பித் தன் தாயைப் பார்க்கிறது. தாய் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறாள். கவுன் எங்கேயும் பிடிக்கவில்லை.

படக்காரர் மூக்கை உறிஞ்சினார். இத்தனை மாதமாக அவர் தலைக்குள் மட்டும் ஓடிக்கொண்டிருந்த படம் அது. "நல்லா விழுந்திருக்கு," என்றார் தையல்காரம்மா. அவர் சொன்னது கவுனைத்தான்.

வார்டு திறந்த அன்று தங்கை போன் பண்ணினாள்.

"அண்ணா, கட்டில் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு விடமாட்டேன்னு ஒரு பொண்ணு. ஒரு மணி நேரமா நாலு பேர் கெஞ்சறோம். படத்தைப் போட்டோம். முடிஞ்சதும் என்கிட்ட கேக்குது, 'எனக்குள்ளயும் மணி இருக்கா? எடுத்ததும் என்கிட்டயே குடுத்துடணும்'னு. தானா இறங்கி நடந்து உள்ள போச்சுண்ணா. பெரிய டாக்டரே கடைக்கு ஓடிப்போய் ஒரு சைக்கிள் மணி வாங்கிட்டு வந்துட்டாரு."

படக்காரர் அந்தச் சந்தோஷத்தில் இருந்தபோதுதான் சம்மன் வந்தது. ஒன்று அவருக்கு, ஒன்று மூன்றாம் மாடிக்கு. குற்றம்: நேரடித் தொடர்பு. இருவரும் ஒரே நாளில் ஒரே நேரத்தில் வேலையை நிறுத்தியது சந்தேகத்துக்கு இடமளித்ததாம். ஜன்னலுக்கு ஜன்னல் தொங்கும் ஒயரின் புகைப்படமும் இணைக்கப்பட்டிருந்தது. குற்றம் மிகப் பெரியது என்பதால் விசாரணை நேரில் நடக்கும் என்று எழுதி, முகவரியும் கொடுத்திருந்தார்கள்.

"போகாம விட்டா என்ன பண்ணிடுவாங்க?" என்றார் படக்காரர்.

"போவோம் தம்பி," என்றார் தையல்காரம்மா. "ரெண்டு வருஷமா அந்த ஆந்தையை நேர்ல பாக்கணும்னு எனக்கு ஆசை."

அலுவலகம் இல்லாத பேரவை, ஏழு மாடிக் கட்டடம் ஒன்றின் ஐந்தாம் ஆறாம் ஏழாம் மாடிகளில் இல்லாமல் இருந்தது. கால் புதையும் கம்பளம். கண்ணாடிக் கதவு. வரவேற்பு மேசையில் ஒரு பெண்.

"பேரவை ஆபீஸ் இதுதானுங்களா?"

"இது ஆபீஸ் இல்லைங்க. எல்லாரும் தற்செயலா கூடற இடம். ஒன்பதிலிருந்து ஆறு வரைக்கும்."

விசாரணை அறையில் நீண்ட மேசை. ஆந்தை நல்ல உயரம், வெள்ளை முடி, கச்சிதமாகத் தைத்த கோட்டு. சிங்கம் ஒல்லியாக இருமிக்கொண்டிருந்தார். முட்டை மட்டும் கிட்டத்தட்ட முட்டையைப் போலவே இருந்தார். ஆந்தையின் நாற்காலி மற்றவற்றைவிட ஒரு முழம் உயரம். படக்காரர் அதையே பார்ப்பதைக் கவனித்து, "இது தலைமை நாற்காலி இல்லை, உயரமான நாற்காலி, அவ்வளவுதான்" என்று சிங்கம் தெளிவுபடுத்தினார்.

பிறகு ஆந்தை எழுந்து பேசினார். குரலில் கண்ணீர் ததும்பியது.

"இடைத்தரகர் இல்லாத உலகம் வேணும்னு பத்து வருஷமா நாங்க பாடுபடறோம். அதுக்காக இருநூத்திப் பதினாறு பேர் ராப்பகலா நடுவுல நிக்கறோம். நீங்க பாட்டுக்கு நேரா பேசி முடிச்சுக்கிட்டா, நடுவுல நிக்கற நாங்க எங்க போய் நிக்கறது? எங்க தொழில்நுட்பத்தோட அடித்தளமே யாரும் யாரையும் நம்ப வேண்டாங்கறதுதான். நீங்க ரெண்டு பேரும் என்ன பண்ணியிருக்கீங்க? ஒருத்தரை ஒருத்தர் நம்பியிருக்கீங்க! இன்னைக்கு மாடிப்படியில ரெண்டு பேர் நம்புவீங்க. நாளைக்குத் தெருவே நம்ப ஆரம்பிச்சுடும். அப்புறம் நம்பிக்கைக்கு யாரு கட்டணம் கட்டுவாங்க?"

முட்டை கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டு சேர்ந்துகொண்டார். "பொறியோட மதிப்பே மனுஷனுக்கும் மனுஷனுக்கும் நடுவுல இருக்கற தூரத்துலதான் இருக்கு. தூரம் கூடக் கூட விலை கூடும். பத்தொன்பது படிங்கறது ஒரு தூரமா? வெளிய தெரிஞ்சா சந்தை என்ன ஆகும்?"

படக்காரர் கைகட்டி நின்றார். அவருக்கு உண்மையிலேயே தான் ஏதோ பெரிய தப்புச் செய்துவிட்டதாகத் தோன்ற ஆரம்பித்திருந்தது. "தெரியாம நடந்துடுச்சுங்க. பியூஸ் போயிட்டதால..."

"நீங்க இருங்க தம்பி," என்று அவரைத் தள்ளிவிட்டுத் தையல்காரம்மா முன்னால் வந்தார். ஆந்தையின் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தக் கோட்டு நல்லா உக்காந்திருக்கே. யாரு தைச்சது?"

ஆந்தை ஒரு கணம் மலர்ந்துவிட்டார். "எங்க வீட்டுக்குப் பக்கத்துல ஒருத்தர். இருபது வருஷமா அவர்தான். நான் நேராப் போய் நின்னாப் போதும், அவரே..."

சிங்கம் அதை எழுதிக்கொள்ள ஆரம்பித்தார்.

"அதைப் பதிவுல ஏத்த வேண்டாம்," என்றார் ஆந்தை.

தீர்ப்பு: இருவரையும் நீக்குவது. வாக்கெடுப்பு அப்போதே நடந்தது. ஆந்தை கையைத் தூக்கினார், ஐம்பத்தெட்டு சதவீதம். எல்லாரும் கைதட்டினார்கள். ஆனால் நீக்கம் செல்ல வேண்டுமானால் அதை உலகின் மூன்று மூலைகளில் மூவர் பதிய வேண்டும், ஐவர் சரிபார்க்க வேண்டும், இருவர் அந்த ஐவரைச் சரிபார்க்க வேண்டும். வரிசையில் முன்னால் நிறைய வேலைகள் கிடந்தன. சிங்கம் தாள்களைப் புரட்டிவிட்டு, சுமார் பதினான்கு மாதம் ஆகும் என்றார்.

"அது வரைக்கும் நாங்க என்னங்க?" என்று கேட்டார் படக்காரர்.

சிங்கம் முட்டையைப் பார்த்தார். முட்டை ஆந்தையைப் பார்த்தார்.

"அது வரைக்கும் நீங்க நீக்கப்பட்டவர்கள் அல்லாதவர்கள்," என்றார் ஆந்தை.

இருவரும் பஸ் பிடித்து வீடு வந்து சேர்ந்தார்கள். வழியெல்லாம் தையல்காரம்மா அந்தக் கோட்டின் காலரைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

ஆஸ்பத்திரியில் முதலையைப் பார்த்தவர்கள் விசாரித்துக்கொண்டு வரத் தொடங்கினார்கள். வீட்டு வரைபடம் போடுகிற ஒரு கணவன் மனைவி, எரிமலை வெடிப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று ஒரு பள்ளி ஆசிரியை, நாற்காலிக் கம்பெனிக்கு விளம்பரம் செய்கிற ஒருவர். படக்காரர் படத்தைச் சரிபார்த்துக் கொடுப்பார், மூன்றாம் மாடி ரெண்டர் செய்யும். வருகிறவர்கள் உட்காரத் தையல்காரம்மா நடையில் ஒரு பெஞ்சு வாங்கிப் போட்டார். யாருடைய வேலை முதலில் வந்ததோ அது முதலில் ஓடும். இதுதான் விதி. எழுதி ஒட்டவும் இல்லை.

ஒரு மாதம் கழித்து, முற்பகல் பதினோரு மணி வாக்கில், மூச்சிரைக்க ஒருவர் மூன்று மாடி ஏறி வந்தார். கறுப்புக் கண்ணாடி, இழுத்துவிட்ட தொப்பி. கோட்டைப் பார்த்ததும் தையல்காரம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. கக்கத்தில் படம் இருந்த ஒரு சின்னப் பெட்டியை இடுக்கிக்கொண்டிருந்தார். பேரவையின் பத்தாம் ஆண்டு விழா வருகிற வியாழக்கிழமை. அதற்கான நாலு நிமிஷப் படம் ஏழு மாதத்துக்கு முன்பே ரெண்டருக்குப் போனது. பேரவையில்தான். அதில் கொடி அசைவதைச் சரிபார்ப்போர் ஒத்துக்கொள்ளவில்லை.

பெஞ்சில் நாலு பேர் இருந்தார்கள். எரிமலை டீச்சர் நகர்ந்து இடம் விட்டார். வந்தவர் உட்காரவில்லை. தாமதம் பழகாத மனிதர்களுக்கே உரிய முறையில் வாட்சைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார். பிறகு குரலை உயர்த்தினார்.

"இங்க யாருங்க பொறுப்பு?"

தையல்காரம்மா மெஷினை நிறுத்தாமலே திரும்பிப் பார்த்தார்.

"நான்தான். உக்காருங்க, கூப்பிடறேன்."

பத்து வருஷத்தில் அந்தக் கேள்விக்கு இத்தனை சின்னப் பதிலை ஆந்தை கேட்டதே இல்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, எரிமலை டீச்சருக்குப் பக்கத்தில், ஐந்தாவது ஆளாக உட்கார்ந்தார்.